துப்பாக்கி இருக்கிறதென்று நான் சொன்னேன்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் ஏட்டு தில்லைநாயகம். இரண்டாவது என் சம்பந்தி மொக்கச்சாமி. மூன்றாவது, ஒரு காது கிழிந்த அந்தப் பன்றி. நாலாவது இடத்திலிருந்து ஆட்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். கொழுந்தியாள் புருஷன் ஏறுவார், உரக்கடைக்காரர் இறங்குவார். ஆனால் முதல் மூன்று இடம் ஐந்து வருஷமாக அசையவில்லை. தூக்கம் வராதபோது மேலிருந்து கீழாக இந்த வரிசையைச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் படுத்திருக்கிற குருவம்மாள், "ஆரம்பிச்சாச்சா பஜனை" என்பாள். முப்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இது பஜனை. இருக்கட்டும், அவளை நான் வரிசையில் சேர்க்கவில்லை. இப்போது கருங்கல்மேட்டுச் சோதனைச் சாவடியில் பதினொரு வண்டிக்குப் பின்னால் நிற்கிறேன். பங்குனி வெயில். புளியமரத்து நிழல் ஏழாவது வண்டியோடு தீர்ந்துவிட்டது. மொபெட்டின் ஓரத்தில் சாக்கு சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருப்பது என் துப்பாக்கி. ஒற்றைக் குழல். லைசென்ஸ் இருக்கிறது, புத்தகம் சட்டைப் பையில் இருக்கிறது, நெஞ்சோடு ஒட்டி வேர்வையில் நனைந்துகொண்டிருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். விதி அப்படி. ஒரு தேர்தல்கூட நான் தவறவிட்டதில்லை. பன்றிகளுக்கு எந்த விதியும் இல்லை. அவற்றுக்குத் தேதி தெரியும் என்று நான் சொன்னால் குருவம்மாள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் வேட்டு வைப்பது வானத்தைப் பார்த்துத்தான், ஆனாலும் அந்தச் சத்தம் மலையில் போய் முட்டித் திரும்பி வருகிற வரைக்கும் ஒரு பன்றி கடலைக்காட்டில் நிற்காது. துப்பாக்கி படியிறங்கிப் போன மறுநாளே குடும்பத்தோடு வருகின்றன. காது கிழிந்தது முன்னால் வரும். வரப்பில் நின்று வீட்டைப் பார்க்கும். பார்த்துவிட்டுத்தான் இறங்கும்.

சிக்கல் என்னவென்றால், துப்பாக்கியை ஒப்படைக்கப் போகிறவனும் துப்பாக்கியோடுதான் போக வேண்டியிருக்கிறது. வீட்டுக்கும் வடுகனூர் காவல் நிலையத்துக்கும் நடுவே பதினாலு கிலோமீட்டர், அதில் இந்தச் சாவடி. தேர்தல் சமயத்தில் இங்கே பறக்கும் படை நின்றுகொண்டு எல்லா வண்டியையும் திறந்து பார்க்கும். அவர்கள் திறந்து பார்ப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும், "துப்பாக்கி இருக்கு, லைசென்ஸ் இருக்கு, ஒப்படைக்கப் போறேன்" என்று. வக்கீல் குமாஸ்தா எனக்கு இதை விரல் மடக்கிச் சொன்னார். அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன தடவையே நான் சொன்னேன். இதே சாவடி, இதே துப்பாக்கி. நடுவில் ஒரு மேசை, மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தில்லைநாயகம், இரண்டு முழம்கூட இடைவெளி இல்லை. "ஐயா, துப்பாக்கி இருக்குதுங்கய்யா, லைசென்ஸ் இருக்குதுங்கய்யா" என்றேன். வாயில் வெற்றிலைகூட இல்லை. அவர் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் என்ன அர்த்தம். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம், எனக்குத் தெரிந்த வரையில். அதற்குள் இன்னொரு போலீஸ்காரர், மீசை முளைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, சாக்கைத் தொட்டுப் பார்த்து, குழல் கைக்கு அகப்பட்டதும், "ஆயுதம், ஆயுதம்" என்று கத்தினார். அவ்வளவுதான். என் முதுகில் ஒரு முழங்கால். கன்னம் தாரில். தார் கொதித்தது. அந்த நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது, ரோடு போடுகிற இடத்துப் பக்கம் போனால் கன்னம் தானாகச் சுருங்குகிறது. வேட்டி ஒரு பக்கம் போய்விட்டது. பட்டாபட்டி டிராயர் போட்டிருந்தேன், நீலக் கோடு. அதைக் கருங்கல்மேட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், துணிதானே. அதன் பிறகு தில்லைநாயகம் செல்போனைப் பையில் போட்டுவிட்டு வந்து குனிந்து, "ஏய்யா, சொல்ல வேண்டாமா?" என்றாரே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. "சொன்னேன்யா" என்றேன், தாரைப் பார்த்து. "எப்பச் சொன்னே? எங்கிட்டயா சொன்னே?" என்றார். பின்னால் உட்கார்ந்து வந்திருந்த மொக்கச்சாமியிடம் கேட்டார், "இவரு சொன்னாரா?" மொக்கச்சாமி என் மகளைத் தன் வீட்டு மருமகளாக எடுத்தவர். என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் வந்தவர். "நான் கவனிக்கலீங்க" என்றார்.

கவனிக்கவில்லையாம். என் டிராயரில் எத்தனை கோடு என்று கவனித்திருக்கிறார். அதை ஆறு கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார். நான் சொன்னதை மட்டும் கவனிக்கவில்லை. போகட்டும், அவர் இரண்டாவது இடம். முதல் இடத்துக்காரர் என்ன செய்தார் என்றால், எழுதினார். "ஆயுதம் வைத்திருப்பதைத் தானாக முன்வந்து தெரிவிக்கவில்லை." நான் அஞ்சாம் வகுப்பு. அதற்கு மேல் என் அப்பா படிக்க வைக்கவில்லை, அவரையும் ஒரு காலத்தில் வரிசையில் வைத்திருந்தேன், செத்த பிறகு எடுத்துவிட்டேன். அஞ்சாம் வகுப்புக்காரனானாலும் அந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அது கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போனது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் பதினாலு மாதம் இழுத்தது. பதினாலு மாதமும் துப்பாக்கி காவல் நிலையத்தில், பன்றிகள் என் காட்டில். மரவள்ளியைத் தோண்டித் தின்றுவிட்டு, தோண்டின குழியிலேயே படுத்துத் தூங்கிவிட்டுப் போயின. தகரம் தட்டினேன். பட்டாசு வைத்தேன். பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டேன், காது கிழிந்தது அந்தச் சேலையில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிற்று. பதினைந்தாவது மாதம் புத்தகத்தை வாங்கப் போனபோது அந்த ஆபீஸ் குமாஸ்தா, நல்ல மனிதர், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "பெரியவரே, இன்னொரு தடவை இதே மாதிரி எழுதி வந்துச்சுன்னா, அப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. புத்தகத்தை மூடிருவாங்க." அடுத்த மாதம் புதுப்பிக்கிற தேதி வருகிறது. இன்றைக்கு ஒரு வரி தப்பாக விழுந்தால் ஒப்படைக்கிற துப்பாக்கி திரும்பி வராது. எனக்கு அறுபத்தெட்டு வயது. மகன் இல்லை, மகள் மொக்கச்சாமி வீட்டில். காட்டை விற்றுவிட்டு அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார வேண்டியதுதான். மொக்கச்சாமி தினமும் காலையில் காப்பி டம்ளரோடு வந்து, "சம்பந்தி, தூக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்பார். பத்து வண்டி இருக்கிறது இன்னும். ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டார்கள்.

அதனால்தான் இந்தப் பலகை. வாயால் சொன்னால் சொல்லவில்லை என்பார்கள். எழுதினது ஜெயிக்கும் என்று தெரிந்த பிறகும் வாயை நம்பிப் போகிறவன் மடையன். வடுகனூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஜரினாவிடம் போனேன். கெட்டிக்காரப் பெண், ரேஷன் கார்டிலிருந்து காதுகுத்துப் பத்திரிகை வரைக்கும் எல்லாம் அவள் கைதான். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளுக்கு நல்லது நடக்க வேண்டும். "மாமா, எழுத்து பெருசா இருக்கணும், இருபதடி தூரத்துல படிக்கணும். சும்மா எழுத்து மட்டும் இருந்தா எவனும் பார்க்க மாட்டான், ஒரு படம் போட்டுருவோம்" என்றாள். துப்பாக்கிப் படம் ஒன்று கம்ப்யூட்டரில் எடுத்து நடுவில் வைத்தாள். என்னுடையது போல இல்லை, கொஞ்சம் ஷோக்கான துப்பாக்கி. ஓரத்தில் இரண்டு வண்ணத்தில் கரை கொடுத்தாள், எடுப்பாக இருக்கும் என்று. மேலே "வணக்கம்." அதன் கீழே படம். படத்துக்குக் கீழே "துப்பாக்கி உள்ளது. உரிமம் உள்ளது. ஒப்படைக்கச் செல்கிறேன்." எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர், க. வீரணன், ஊத்துப்பாறை. பெயருக்கு முன்னால் "இப்படிக்கு" வேண்டுமா என்று கேட்டாள், "தங்கள் உண்மையுள்ள" என்றே போடு என்றேன். அட்டை போல மொத்தமாக லேமினேஷன் செய்து, இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு கோத்தாள். ஒன்று போதாது, பின்னாலிருந்தும் போலீஸ் வரலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. முதுகில் முழங்கால் வைத்தவர் பின்னாலிருந்துதானே வந்தார். அதனால் இரண்டு. ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில். காலையில் இரண்டையும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது குருவம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து பார்த்தாள். பிறகு, "வெத்தலை பாக்கு வெச்சுத்தான் அனுப்பணுமா?" என்றாள். ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாம் வா, நீ போலீஸ், நான் நான் என்றேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து வண்டியை மறித்தாள். "என்னய்யா அது சாக்குல?" "துப்பாக்கிங்க அம்மா. லைசென்ஸ் இருக்குதுங்க." "யாரைச் சுடப் போறே?" இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "யாரையும் இல்லீங்க, பன்னிக்கு." "எந்தப் பன்னி? உங்க சம்பந்தியா?" என்று கேட்டுவிட்டுத் விழுந்து விழுந்து சிரித்தாள், இருமல் வந்துவிட்டது. ஒத்திகை அதோடு முடிந்தது.

ஒன்பது வண்டி. காலால் தள்ளி மொபெட்டை முன்னால் நகர்த்துகிறேன். இன்ஜினை அணைத்துவிட்டேன், ஓடிக்கொண்டிருந்தால் தப்பிக்கப் பார்த்தான் என்று எழுதலாம். கையை எங்கே வைப்பது என்பது இன்னொரு தொல்லை. இரண்டு கையும் ஹேண்டில் பாரில் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஆனால் புத்தகத்தைக் கேட்டால் சட்டைப் பைக்குள் கை போக வேண்டும். பைக்குள் போகிற கையைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்கள். "எடுக்கட்டுமாங்கய்யா" என்று கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். "என்னத்தை எடுக்கப் போறே" என்பார்கள். "புத்தகத்தை" என்று முதலிலேயே சேர்த்துச் சொல்லிவிட்டால் போயிற்று. மெதுவாக எடுக்க வேண்டும். ரொம்ப மெதுவாக எடுத்தாலும் சந்தேகம் வரும். முன்னால் வாழைத்தார் ஏற்றின மினி லாரி நிற்கிறது. அதன் டிரைவர் இறங்கி வந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என் நெஞ்சைப் படிக்கிறார். உதடு அசைகிறது. படித்து முடித்துவிட்டு முதுகுப் பக்கம் போய் அங்கேயும் படிக்கிறார், அங்கே வேறு ஏதாவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னமோ. "பெரியவரே, சுயேச்சையா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "சின்னம் துப்பாக்கியா குடுத்திருக்காங்க? பரவாயில்லையே. போன தடவை ஒருத்தருக்குப் பூசணிக்காய் குடுத்தாங்க, பாவம்." நான் அவருக்கு விளக்கினேன். லைசென்ஸ், ஒப்படைப்பு, பன்றி எல்லாம் சொன்னேன். அவர் பாதியிலேயே, "எதுக்கும் நம்ம வீட்ல நாலு ஓட்டு இருக்கு, யோசிக்கிறேன்" என்றார். பின்னால் காரில் மொட்டை போட்டுக்கொண்டு கோயிலிலிருந்து திரும்புகிற குடும்பம். அந்த வீட்டம்மா கண்ணாடியை இறக்கி, சந்தனம் பூசின தலையை வெளியே நீட்டி, "ஐயா, தண்ணி வசதி செஞ்சு குடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். சரிம்மா என்று சொல்லிவிட்டேன். எத்தனை பேருக்குத்தான் விளக்குவது. எனக்கு இருக்கிற கவலையில் தண்ணி வசதியும் சேர்ந்துகொண்டது.

ஆறு வண்டி. நிழலுக்குள் வந்துவிட்டேன். வந்த பிறகுதான் மேசை தெரிகிறது. குடைக்குக் கீழே ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார், துணைத் தாசில்தார் என்று மேசை மேல் எழுதி வைத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு வீடியோக்காரர், காமிராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டி டிக்கியையும் எடுக்கிறார். கல்யாண வீட்டில் எடுக்கிறவர் போலிருக்கிறது, டிக்கியைத் திறந்தவரிடம், "அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க, சிரிச்ச முகமா" என்கிறார். இரண்டு போலீஸ்காரர்கள். மூன்றாவதாக, மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறவர். தலை நரைத்துவிட்டது. தோளில் ஒரு நட்சத்திரம் கூடியிருக்கிறது. தில்லைநாயகம். எஸ்.எஸ்.ஐ. ஆகிவிட்டார். எனக்குத் தப்பாக எழுதினவருக்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வருஷமாக நான் இவரிடம் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன், பல் விளக்கும்போது, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது. எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் மிரட்டிக் கேட்டேன், ஒரு நாள் கெஞ்சிக் கேட்டேன், காய்ச்சலாகக் கிடந்தபோது மன்னித்துக்கூட விட்டேன், காய்ச்சல் விட்டதும் திரும்ப எடுத்துக்கொண்டேன். எனக்கு என்ன வேண்டும் இவரிடம். காலில் விழ வேண்டாம், எழுதினதைக் கிழிக்க வேண்டாம். "ஆமாய்யா, நீ சொன்னே, நான் கேட்டேன்" என்று வாயைத் திறந்து ஒரு தடவை சொன்னால் போதும். தனியாகச் சொன்னால்கூடப் போதும். மொக்கச்சாமி இருக்கிற இடத்தில் சொன்னால் இன்னும் நல்லது. மொபெட்டைத் தள்ளத் தள்ளச் சாக்குக்குள் துப்பாக்கி வேறு மெல்ல ஆடுகிறது. ஆடாதே. சும்மா இரு. வாழைத்தார் லாரி போய்விட்டது. மொட்டைக் குடும்பத்தை எனக்கு முன்னால் விட்டேன், அவர்கள் அவசரம் என்றார்கள். அது உண்மை இல்லை. எனக்குப் பயம்.

என் முறை. இருபதடி தூரத்திலேயே அந்த அம்மா தலையைத் தூக்கி என் நெஞ்சைப் பார்த்தார். படித்தார். நான் நினைத்தபடியே நடக்கிறது. ஜரினா கெட்டிக்காரி. நான் இரண்டு கையும் ஹேண்டில் பாரில் இருக்க, முதுகை நிமிர்த்தி, வாயாலும் சொன்னேன்: "துப்பாக்கி இருக்குதுங்கம்மா, லைசென்ஸ் இருக்குதுங்கம்மா, ஒப்படைக்கப் போறேனுங்கம்மா." அந்த அம்மா பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம், "அந்தப் போர்டை நிறுத்துங்க" என்றார். என்னை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. போர்டை. "பெரியவரே, இது எங்க அச்சடிச்சது?" "ஜெராக்ஸ் கடையிலங்கம்மா." "அச்சகத்தோட பேர் எங்க? எத்தனை பிரதி? யாரு வெளியிட்டது?" நான் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள் என்று நூறு கேள்விக்குப் பதில் வைத்திருந்தேன். தேர்தல் முடிகிற வரைக்கும் இந்த மாதிரி அச்சடித்த எதையும் அனுமதி இல்லாமல் வண்டியிலோ உடம்பிலோ மாட்டிக்கொண்டு ரோட்டில் போகக் கூடாதாம், அச்சகத்தின் பெயர் கீழே இருக்க வேண்டுமாம், எனக்கு யார் சொன்னார்கள். வக்கீல் குமாஸ்தா விரல் மடக்கினாரே, அதில் இந்த விரல் இல்லை. "இந்தக் கரை என்ன கலர்? எந்தக் கட்சி?" "எடுப்பா இருக்கும்னு போட்டதுங்கம்மா." "வணக்கம்னு போட்டிருக்கு. பேர் போட்டிருக்கு. தங்கள் உண்மையுள்ளன்னு போட்டிருக்கு. படம் போட்டிருக்கு. இதுக்கு என்ன பேரு பெரியவரே?" ஒரு போலீஸ்காரர் சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலை எடுத்து, தொப்பி, தையல் மெஷின், டார்ச் லைட் என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டே வந்தார். "மேடம், துப்பாக்கி லிஸ்ட்ல இல்லை" என்றார். "முதுகுல ஒண்ணு இருக்கு மேடம்" என்றார் வீடியோக்காரர், என்னைச் சுற்றி வந்து எடுத்துக்கொண்டே. "அப்ப ரெண்டு பிரதி" என்று எழுதிக்கொண்டார் அம்மா. கயிற்றை என் தலைக்கு மேலே தூக்கி இரண்டையும் கழற்றினார்கள். காது மடலில் மாட்டிக்கொண்டது, மெதுவாக எடுத்தார்கள், அந்த மரியாதைக்குக் குறைவில்லை. என் தொடைக்குப் பக்கத்தில், சாக்கில், துப்பாக்கி இருக்கிறது. ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒரு போலீஸ்காரர் பலகைகளை அதன் மேலேயே சாய்த்து வைத்துவிட்டு எழுதினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகை போய்விட்டால் நான் சொன்னது எங்கே இருக்கும். "அம்மா," என்றேன், "போர்டை வேணாலும் எடுத்துக்கங்க. ஆனா துப்பாக்கி இருக்குன்னு நான் சொன்னேன். அதை எழுதிருங்க." அம்மா பேனாவை நிறுத்தி, "என்ன துப்பாக்கி?" என்றார். "போர்டுல இருக்கே மேடம், அந்தத் துப்பாக்கி" என்றார் போலீஸ்காரர். "அது படம்னு நெனச்சேன்" என்றார் அம்மா. மரத்தடியிலிருந்து தில்லைநாயகம் நடந்து வந்தார். சாக்கை விரலால் சுண்டிப் பார்த்தார். புத்தகத்தைக் கேட்டார். எடுக்கட்டுமா என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிட்டேன், ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவர் ஈரப் பக்கங்களை ஊதி ஊதிப் பிரித்து நம்பரைப் பார்த்துவிட்டு, "ஓகே மேடம், டெபாசிட் பண்ணப் போறாரு. ஆனா இவரு எங்க சொன்னாரு, போர்டுதானே சொல்லுது" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார், விளையாட்டுக்குத்தான். எனக்குக் காதுக்குள் சத்தம் வந்தது. கன்னம் சுருங்கியது. நான் மொபெட்டைவிட்டு இறங்கி, ஸ்டாண்டு போட்டு, மேசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "நான் சொன்னேன்னு எழுதாம எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். தார் சுட்டது, பழகிய சூடுதான். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். கல்யாண வேன் ஒன்றிலிருந்து, "ஏய்யா, வேட்பாளர் தர்ணா பண்றாருய்யா, வேற வழியில போ" என்று யாரோ சொன்னார்கள். அம்மா என்னையே பார்த்தார். பிறகு வீடியோக்காரரிடம், "வந்ததும் என்ன சொன்னாரு, போட்டுக் காட்டுங்க" என்றார். அவர் காமிராவைத் திருப்பிக் காட்டினார். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நான் வந்தேன், இரண்டு கையும் ஹேண்டில் பாரில், கழுத்தில் பலகையோடு, கோமாளி மாதிரிதான் இருந்தது. ஆனால் வாய் அசைந்தது. சத்தமும் இருந்தது. துப்பாக்கி இருக்குதுங்கம்மா. "சொல்லியிருக்காரு சார், எழுதுங்க" என்றார் அம்மா. தில்லைநாயகம் குனிந்து மேசையில் எழுதினார். "உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பதை வாகனம் நிற்கும் முன்பே தானாக முன்வந்து தெரிவித்தார்." எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டாவது தடவையும் படித்தேன். ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும். முன்வந்து என்பதில் புள்ளி எல்லாம் சரியாக இருந்தது. பலகைக்கு மட்டும் தனியாக ஒரு எச்சரிக்கைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அது போகட்டும். துப்பாக்கி திரும்பி வரும். மொக்கச்சாமி வீட்டுக் காப்பி எனக்கு வேண்டியதில்லை.

கிளம்பியிருக்கலாம். ஸ்டாண்டையும் எடுத்துவிட்டேன். கால் நகரவில்லை. "ஐயா," என்றேன் தில்லைநாயகத்திடம், "போன தடவையும் நான் சொன்னேங்க." "எந்தத் தடவை?" "அஞ்சு வருசத்துக்கு முந்தி. இதே இடம். என்னைக் கீழ தள்ளிட்டாங்க. நான் சொன்னேன், நீங்க செல்லுல பேசிக்கிட்டே தலையாட்டுனீங்க." அவர் நெற்றியைச் சுருக்கினார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல ஏறி வந்தது. வந்துவிட்டது, இதோ சொல்லப் போகிறார் என்று இருந்தது. "பின்னாடி உக்காந்து வந்தவரு மடியில ஒரு பலாப்பழம் வெச்சிருந்தாரா?" என்றார். வைத்திருந்தார். மொக்கச்சாமி என் காட்டில் பறித்துக்கொண்டு வந்தது. அந்தக் கலவரத்தில் அது இங்கேயே நின்றுவிட்டது. "அது தேன் மாதிரி இருந்துச்சுய்யா," என்றார் தில்லைநாயகம். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஸ்டேஷன்ல எல்லாரும் சாப்பிட்டோம். இன்னிக்கும் பேசுவோம். உங்க காட்டுப் பழமா அது?" "பழம் கெடக்கட்டுங்க. நான் சொன்னேனா இல்லையா?" அவர் உண்மையாகவே யோசித்தார், அதை நான் மறுக்க மாட்டேன். கண்ணை மூடிக்கூட யோசித்தார். "பழம் நல்லா ஞாபகம் இருக்கு பெரியவரே. நீங்க ஞாபகம் இல்லை" என்றார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், வேனைப் பார்க்கப் போய்விட்டார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாவடியைத் தாண்டினேன். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் மெதுவாக விசாரித்தேன். எஸ்.எஸ்.ஐ. ஐயாவுக்கு ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம், நாலு மாதம் இருக்கிறதாம். அதற்குள் எப்படியும் உள்ளாட்சித் தேர்தல் வரும். உதைத்து வண்டியைக் கிளப்பினேன்.